மூலைக்குப் போகும் பந்து

பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கத்திலிருந்து ஒரே மனிதர் இரண்டு முறை ஆசியக் கோப்பையை எடுத்துப் போயிருக்கிறார். 2017 ஜூலையில் ஆஸ்திரேலியாவை 74-73 என்ற கணக்கில் ஜெயித்தார். 2019 செப்டம்பரில் சீனாவை 71-68. இரண்டு இறுதி ஆட்டங்களையும் சேர்த்தாலும் வித்தியாசம் நான்கே புள்ளிகள். பெயர் டாம் ஹோவாஸ், அமெரிக்கர், அப்போது ஜப்பான் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைக் கோச். இது நடந்தபோது, கூப்பிடு தூரத்தில் கப்பன் பார்க்கில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சேதி தெரிந்திருக்கும்? கிரிக்கெட் தவிர வேறெது நடந்தாலும் வாட்ச்மேனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நம் ஊர்களின் வழக்கம்.

கூடைப்பந்தை உயரக்காரர்களின் ஆட்டம் என்றே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பள்ளியில் யார் நெடுநெடுவென்று வளர்ந்தாலும் பி.டி. மாஸ்டர் கூப்பிட்டு வளையத்துக்குக் கீழே நிறுத்திவிடுவார். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கை எட்டுகிறவனுக்குப் பந்தைக் கொடு, அவ்வளவுதான் வியூகம். இந்த எண்ணத்தை ஹோவாஸ் அளவுக்குத் தலைகீழாகக் கவிழ்த்த இன்னொரு கோச்சை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவரே ஆறடி எட்டு அங்குலம்.

அவர் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1967-இல் கொலராடோவில் பிறந்தவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். படிப்பு முடிந்ததும் போர்ச்சுகல் போய், அங்கிருந்து 1990 வாக்கில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் அணிக்கு வந்தார். நடுவில் என்.பி.ஏ. கனவும் ஒருமுறை கதவைத் திறந்தது: அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்காக இரண்டே ஆட்டங்கள், சில நிமிடங்கள். கதவு மூடியதும் மீண்டும் ஜப்பான். அங்கே டொயோட்டாவுக்கும் தோஷிபாவுக்கும் ஆடினார். அந்நாட்டு நிறுவன அணிகளில் வெளிநாட்டு ஆட்டக்காரரின் வேலை ஒன்றுதான்: பந்தை வாங்கு, புள்ளி எடு. அதை அவர் நன்றாகவே செய்தார். கூடவே ஜப்பானிய மொழியைக் கற்றார். ஆட்டத்தை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து, 2010-இல் ஜே.எக்ஸ். நிறுவனத்தின் பெண்கள் அணிக்கு உதவிக் கோச்சாகத் திரும்பினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தேசிய அணியின் உதவிக் கோச். 2017-இல் தலைமைக் கோச். அந்தப் பதவியில் அவர் வாங்கிய முதல் பெரிய பட்டம் பெங்களூரில் கிடைத்தது.

இனி ரசிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், அகலம் 15. மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தள்ளி வளைந்து போகிறது. ஆனால் இரண்டு மூலைகளிலும் அது நேர்கோடாகி, தூரம் 6.60 மீட்டராகக் குறைகிறது. பதினைந்து சென்டிமீட்டர்தான் லாபம். ஹோவாஸின் ஆட்டத்தில் கண் வைக்க வேண்டிய இடம் அந்த மூலை. மற்ற அணிகளில் அங்கே நிற்பவர் பெரும்பாலும் வேலை இல்லாதவர். ஜப்பான் அணியில் அவர்தான் ஆபத்தானவர்.

ருய் மச்சிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 162 சென்டிமீட்டர் உயரம், நம் வீட்டுப் பெண்களின் நடுவே நின்றால் தனித்துத் தெரியமாட்டார். அணியின் நெடிய ஆட்டக்காரரான சென்டர் வந்து டிஃபெண்டரை மறித்து ஸ்கிரீன் வைத்ததும், அந்த சென்டரின் தோளை உரசிக்கொண்டு மச்சிதா உள்ளே நுழைகிறார். உயரமான டிஃபெண்டர்கள் இருவர் அவரை நோக்கி ஒரு அடி நகர்கிறார்கள். அந்த ஒரு அடிதான் அவருக்கு வேண்டியது. பார்வை வளையத்தின் மேல் இருக்க, பந்து இடுப்பு உயரத்தில் கிளம்பி மூலைக்குப் போகிறது. அங்கே நிற்பவளின் முழங்கால்கள் ஏற்கெனவே மடிந்திருக்கின்றன, பாதங்கள் வளையத்தைப் பார்த்திருக்கின்றன, உள்ளங்கைகள் மார்புக்கு நேரே திறந்திருக்கின்றன. பந்து பட்டதும் எறிதல், நடுவில் ஒரு டிரிபில் கிடையாது. டிஃபெண்டர் கையை உயர்த்தி வருவதற்குள் பந்து உச்சியைத் தொட்டு இறங்கிக்கொண்டிருக்கும். கல்யாணப் பந்தியில் கைதேர்ந்த பரிமாறுபவர் இலையைப் பார்க்காமலே எங்கே சாதம் தீர்ந்தது என்று அறிவதைப்போல மச்சிதாவுக்கு அந்த மூலை தெரியும். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 18 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ்கள், கொடுத்தார். அது ஒலிம்பிக் சாதனை.

இதெல்லாம் மூன்று புள்ளி எறிதல்தானே, இன்று உலகமே அதைத்தான் செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறுபாடு இதில் இருக்கிறது: மற்றவர்கள் இரண்டு மூன்று எறிகாரர்களை வைத்துக்கொள்கிறார்கள், ஹோவாஸ் சென்டர் உட்பட ஐந்து பேரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறார். எதிரணியின் நெடிய சென்டர் வளையத்தடியைக் காக்க வேண்டுமா, வெளியே ஓடிவர வேண்டுமா? ஓடிவந்தால் உள்ளே வழி திறக்கிறது. நின்றால் மூன்று புள்ளி போகிறது. உயரம் அங்கே பாரமாகிவிடுகிறது. இன்னொரு விதியும் உண்டு. ஆளில்லாமல் நிற்கும்போது எறியாமல் பந்தைக் கைமாற்றுகிற ஆட்டக்காரரை அவர் திட்டுவார், தவறவிட்டதற்குத் திட்டமாட்டார். ஆசிய வகுப்பறைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்று நமக்குத் தெரியாதா?

இந்தத் திட்டும் ஜப்பானிய மொழியிலேயே நடக்கும். டைம்-அவுட்டில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பெண்கள் சுற்றி நிற்க, பலகையுடன் குனிந்து நேராகப் பொரிந்து தள்ளுவார். பணிவான சொற்களுக்குப் பழகிய ஜப்பானிய ரசிகர்கள் டோக்கியோவின்போது இந்தக் காட்சியை ஆட்டத்துக்கு இணையாக ரசித்தார்கள். கோச்சுக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது, அதில் பாதியை மொழிபெயர்ப்பு தின்றுவிட்டால் மீதியில் என்ன சொல்ல முடியும்?

டோக்கியோவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2017-இல் பொறுப்பேற்ற புதிதிலேயே, ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவைச் சந்தித்துத் தங்கம் வாங்குவோம் என்று சொன்னவர் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அணியின் மிகச் சிறந்த நெடிய ஆட்டக்காரர் ராமு தொகாஷிகி முழங்கால் காயத்தால் ஆடவும் முடியவில்லை. ஆனாலும் காலிறுதியில் பெல்ஜியத்தை 86-85, கடைசித் தருணத்தில் சாகி ஹயாஷியின் மூன்று புள்ளி. அரையிறுதியில் பிரான்ஸை 87-71. இறுதியில் அமெரிக்காவிடம் 75-90. அன்று 206 சென்டிமீட்டர் பிரிட்னி கிரைனர் 30 புள்ளி எடுத்தார். உயரம் தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை, கிடைத்தது வெள்ளிதான்.

டோக்கியோவுக்குப் பிறகு ஹோவாஸ் ஜப்பான் ஆண்கள் அணிக்கு மாறினார், அங்கும் அதே பாணி. 2023 உலகக் கோப்பையில், ஒகினாவாவில், பின்லாந்துக்கு எதிராக 18 புள்ளி பின்தங்கியிருந்து 98-88 என ஜெயித்தார்கள். யுகி கவமுரா என்ற சின்ன உருவம் அன்று 25 புள்ளி எடுத்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸைக் கூடுதல் நேரம் வரை இழுத்து 90-94 எனத் தோற்றார்கள், மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. எறிதல் விழாத நாளில் இந்த ஆட்டம் பார்க்கச் சகிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் கதைக்கு வருகிறேன். 2017-இல் அதே பெங்களூரில், அதே வாரத்தில், இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என வென்று ஆசியக் கோப்பையின் கீழ்ப்பிரிவுப் பட்டத்தை வாங்கினார்கள். 2019-இல் மேல்பிரிவில் ஆடி எட்டு அணிகளில் கடைசி இடம். கோர்ட் ஒன்றுதான், ஜப்பானுக்கும் நமக்கும் இருந்த தூரம் உயரத்தால் வந்ததல்ல. நமக்கும் வெளிநாட்டுக் கோச்சுகள் வராமலில்லை. அமெரிக்கர்களும் செர்பியர்களும் வந்தார்கள், ஆண்கள் அணிக்கு கென்னி நாட், ஸ்காட் ஃபிளெமிங் என்று வரிசையாக. சில ஆண்டுகளில் கிளம்பினார்கள். ஹோவாஸ் கோச்சாவதற்கு முன்பே அந்த நாட்டில் ஆடி, அந்த ஊர்ச் சோற்றைத் தின்று, அவர்கள் எதற்குத் தயங்குவார்கள் என்பதை உள்ளிருந்து அறிந்தவர்.

அப்படி இரண்டு பக்கமும் அறிந்தவர்கள் நம்மிடமும் உண்டு. சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்பில் ஆடியவர், 2011-இல் அமெரிக்க டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் போனவர். அம்ஜ்யோத் சிங் ஜப்பானிலும் ஓக்லஹோமாவிலும் ஆடியிருக்கிறார். 2015-இல் என்.பி.ஏ. டிராஃப்டில் 52-ஆவதாகத் தேர்வான சத்னாம் சிங் மல்யுத்தக் காட்சி மேடைக்குப் போய்விட்டார், அது வேறு கதை. வெளியே ஆடிவிட்டு வந்தவர்களை வரவேற்பு விழாவில் சால்வை போர்த்தி உட்காரவைப்பதோடு நம் சங்கங்கள் நிறுத்திக்கொள்ளக் கூடாது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் அணியைப் பத்து வருடத்துக்கு அவர்கள் கையில் கொடுங்கள். முதல் மூன்று வருடம் தோற்றாலும் கேள்வி கேட்காதீர்கள்.