குக்கர் விசில் கடிகாரமாகுமா?

"துவரம் பருப்புக்கு நான்கு விசில்" என்று எழுதாத சமையல் குறிப்பு அரிது. இது சரியான அளவுதானா?

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் சூடேறாது. மூடிய குக்கரில் நீராவி அடைபட்டு, அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடும்போது, கொதிநிலை ஏறத்தாழ 121 டிகிரியாகிறது. 1679-இல் டெனி பாப்பின் எலும்பையே மென்மையாக்கிக் காட்டியது இவ்வழியில்தான். அழுத்தம் மிஞ்சினால் வெயிட் எழும்பி, மிகுதி நீராவியை வெளியேற்றுகிறது. விசில் என்பது அவ்வளவே. பெருந்தீயில் நான்கு விசிலும் விரைந்து வந்துவிடும், பருப்போ நறுக்கென்றிருக்கும். சிறுதீயில் பருப்பு குழைந்த பின்னும் இரண்டாவது விசில் கேட்காமலிருக்கலாம்!

பருப்பு வேக வேண்டியது நேரம். முதல் விசிலில் தீயைத் தணித்து, நிமிடங்களை எண்ணுங்கள். வீணே வெளியேறும் ஒவ்வொரு விசிலும் எரிபொருள் நஷ்டம்.

குக்கர் வாங்குவோர் பளபளப்பைப் பார்க்கிறார்கள். அதே கம்பெனியின் காஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்பவர் சிலரே. வெயிட் உட்காரும் குழாய் அடைபட்டால் உயிர் காப்பது அந்த வால்வுதான். நேரடியாகக் குக்கரில் போடும் பருப்பு நுரைத்து அக்குழாயை அடைக்கக்கூடும். ஆகவே தண்ணீரும் சேர்த்துப் பாதிக்குமேல் நிரப்பலாகாது.