மின்கையொப்பம் செல்லுமா? மாதிரிக் கட்டுரைகளில் ஒரு குறை



இயங்கலைப் படிவங்களில் இடும் மின்கையொப்பம் பற்றிய மாதிரிக் கட்டுரைகள் புலனம் வழி சுற்றி வருகின்றன. மொழிநடையில் பெரிய குறை இல்லை. முன்னுரை, பழமொழி, முடிவுரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கு. கருத்துலதான் கோட்டை விட்டிருக்காங்க. மின்கையொப்பம் சட்டப்படி செல்லும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, நேரம் மிச்சம், காகிதம் மிச்சம் என்று நன்மைகளுக்குத் தாவிவிடுகிறார்கள். எப்போது செல்லும், யாருடையதாகச் செல்லும் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மின்கையொப்பம், இலக்கக் கையொப்பம் இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். மலேசியச் சட்டத்தில் இவை வேறு வேறு. 1997ஆம் ஆண்டின் இலக்கக் கையொப்பச் சட்டம் (சட்டம் 562) பேசுவது குறியாக்க முறையில் உருவாகும் கையொப்பத்தைப் பற்றி. அதன் பின்னால் உரிமம் பெற்ற நிறுவனம் தந்த சான்றிதழ் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம் (சட்டம் 658) சொல்லும் மின்கையொப்பம் இன்னும் அகலமானது. ஒருவர் தம் கையொப்பமாக ஏற்று மின்வடிவில் இடும் எழுத்து, எண், ஒலி, குறி எதுவும் அதில் அடங்கும். ஆக, திரையில் விரலால் கிறுக்கினால்தான் கையெழுத்து என்பதில்லை. தட்டச்சு செய்த பெயரும் கையொப்பமாகலாம்.

சிங்கப்பூரில் 2005இல் உயர்நீதிமன்றம் ஒரு குத்தகை வழக்கில் இதைவிட ஒரு படி மேலே போனது. மின்னஞ்சலின் அடியில் பெயர் இல்லாவிட்டாலும், மேலே முகவரியோடு தெரியும் அனுப்புநர் பெயரே கையொப்பமாகப் போதும் என்றது. மாணவர்கள் கட்டுரையில் எடுத்தாள நல்ல சான்று இது.

அப்படின்னா பெட்டியில ஒரு ‘டிக்’ போட்டா வேலை முடிஞ்சதா? இல்லீங்க. மின்வணிகச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. கையொப்பம் அந்த மின்செய்தியோடு இணைந்திருக்க வேண்டும். இட்டவர் யார், எதற்கு ஒப்புதல் தந்தார் என்பதைப் போதுமான அளவு காட்ட வேண்டும். நோக்கத்துக்கும் சூழலுக்கும் ஏற்ற நம்பகம் வேண்டும். நம்பகம் என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு விளக்குகிறது: கையொப்பமிடும் வழி அந்த ஒருவரின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும்; பிறகு கையொப்பத்திலோ ஆவணத்திலோ செய்த மாற்றம் கண்டுபிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் பள்ளிப் படிவங்கள்மீது வைத்துப் பாருங்கள். சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டுக் கூகுள் படிவம் போகிறது. பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண், ‘சம்மதம்’ என்ற பெட்டி, அவ்வளவுதான். அம்மாவின் கைப்பேசி பிள்ளையின் கையில். அடையாள அட்டை எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடம். நிரப்பியது யார்? அந்தப் படிவத்தால் பதில் சொல்ல முடியாது. பேருந்தில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டு, “நான் சம்மதமே கொடுக்கலையே” என்று தாய் வந்து நின்றால், பொறுப்பாசிரியர் கையில் இருப்பது ஒரு பச்சை ‘டிக்’ மட்டும்தான்.

வருமான வரிக்கான இ-ஃபைலிங்கை நினைத்துப் பாருங்கள். அங்கே நமக்கென்று கணக்கு உண்டு. கையொப்பமிடும் கட்டத்தில் மறுபடியும் அடையாள எண்ணும் கடவுச்சொல்லும் கேட்கும். அந்த இரண்டாவது கேள்விதான் கையொப்பம். (அலுவலகக் கடிதங்களின் அடியில் வரும் ‘கணினி அச்சு, கையொப்பம் தேவையில்லை’ என்ற வரி வேறு கதை. அங்கே கையொப்பமே இல்லை.)

இன்னொன்றையும் மாதிரிக் கட்டுரைகள் தொடுவதில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. பேருந்து நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தம் அதில் அடங்கும். பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கும் கடிதத்தை அப்படிச் சுலபமாகச் சேர்த்துவிட முடியாது. அரசுக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான நடவடிக்கைகளுக்கு 2007இல் தனிச் சட்டம் (சட்டம் 680) வந்தது. மேலும் உயில், பகர அதிகார ஆவணம், அறக்கட்டளை, காசோலை போன்ற மாற்றுமுறை ஆவணங்கள் ஆகியவை 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே. தாத்தா புலனத்தில் எழுதி அனுப்பிய உயிலுக்கு இந்தச் சட்டம் துணை வராது.

சட்டத்திலும் குறை இல்லாமல் இல்லை. ‘சூழலுக்கு ஏற்ற நம்பகம்’ என்பது கொஞ்சம் தளர்வான சொல்தான். நூறு வெள்ளிப் பொருளுக்கும் வீட்டுக் கடனுக்கும் ஒரே அளவு பாதுகாப்பு கேட்காமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் எது போதும் என்பது தகராறு வந்த பிறகுதான் உறுதியாகும்.

வாதக் கட்டுரை எழுதும் மாணவர்கள், ‘மின்கையொப்பம் செல்லும்’ என்ற வரியை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: ‘இட்டவரையும் அவரது ஒப்புதலையும் போதுமான நம்பகத்தோடு காட்டினால், வணிக நடவடிக்கைகளில் மின்கையொப்பம் செல்லும்.’ அடுத்த பத்திக்கு வேண்டிய கருத்து இந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடைக்கும்.