ஷாம்பேனும் கணவாய்ப் பொரியலும்: ருசியின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

வைனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பரொருவர் சிரித்தார். "உமக்கும் பிரெஞ்சுக்காரன்ர வியாதி தொத்திப்போச்சு." இருக்கலாம். எனக்கு வைன் பிடிக்கும், நல்ல சாப்பாடும் பிடிக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எதிர்ப்பு அரசியல் பேசுகிறவர்கள் நாக்கைக் கட்டிப்போட வேண்டும் என்கிற நம்பிக்கை நம்மிடையே இன்னும் பலமாகவே இருக்கிறது. உடலின் இன்பங்களையெல்லாம் எதிரியிடம் கையளித்துவிட்டு நாம் எதைக் கைப்பற்றப் போகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில்தான் வைன் குடிக்கப் பழகினேன். மேசைகளிலிருந்து திரும்பிவரும் போத்தல்களின் அடியில் இரண்டு விரற்கடை மிச்சம் கிடக்கும். வேலை முடிந்தபின் சமையற்காரர் அதை ஊற்றித் தருவார். கூடவே ஒரு துண்டு சீஸ், அல்லது சட்டியின் அடியில் பிடித்த இறைச்சி. அந்த மிச்சங்கள்தான் என் பாடங்கள். உப்பையும் எண்ணெயையும் வைனின் புளிப்பு வெட்டும். தூள் தூக்கலாகப் போட்ட எங்கள் ஆட்டிறைச்சிக் கறியோடு துவர்ப்பு மிகுந்த போர்தோ சிவப்பைக் குடித்தால் எரிவு கூடும், வைனும் கசக்கும். அதே கறிக்கு அல்சாஸ் பக்கத்து, கொஞ்சம் இனிப்பு நிற்கிற வெள்ளை வைன் சமாதானமாகப் போகும். பொரித்த கணவாய்க்கு ஷாம்பேன். ஒருமுறை செய்து பாருங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

அதே போத்தலுக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் வேறொரு மொழி இருந்தது. அந்த மொழியின் மையச்சொல் 'தெர்வார்'. மண், சரிவு, வெயில், மழை எல்லாம் சேர்ந்து ஓர் ஊரின் வைனுக்குத் தரும் தனித்தன்மை என்று அதை விளக்குவார்கள். சுண்ணாம்புக்கல் பேசுகிறது, மலைச்சரிவு பேசுகிறது என்பார்கள். இந்தச் சொல்லாடலில் பேசாத ஒன்று கை.

ருசி என்பது இயல்பான கொடை அல்ல, வர்க்கங்கள் தம்மைப் பிரித்துக் காட்டிக்கொள்ளும் வேலி என்று பியர் பூர்தியு 1979இல் விரிவாக நிறுவினார். அதற்கு முன்பே, 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் ரோலான் பார்த் வைனைப் பிரெஞ்சு தேசத்தின் தொன்மமாக வாசித்தார். அந்தக் கட்டுரையின் முடிவில் அவர் அல்ஜீரியாவைக் கொண்டுவருகிறார். முஸ்லிம்களிடமிருந்து பறித்த நிலத்தில், ரொட்டிக்கு வழியில்லாத அவர்களைக்கொண்டே, அவர்களுக்குப் பயன்படாத திராட்சையைப் பயிரிடுகிறார்கள். இதை மறந்தால்தான் வைன் மாசற்ற இன்பமாக முடியும். அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது இதை எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கதை இன்னும் நீளமானது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்ஸரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரோடு தின்றது. உற்பத்தி விழுந்தது, அல்ஜீரியாவில் குடியேறிகளின் தோட்டங்கள் பெருகின. 1930களில் அங்கு ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டேரில் திராட்சை நின்றது. அந்த வைனின் பெரும்பகுதி தன் பெயரை இழந்து, தென்பிரான்சின் மெலிந்த வைன்களுக்கு நிறமும் பலமும் கொடுக்கக் கலக்கப்பட்டது. பிரெஞ்சுக் கொடிகளை மீட்ட வழி இன்னும் சுவாரசியமானது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுத் தண்டை ஒட்டினார்கள். மண்ணின் மாசற்ற குரலைப் பேசும் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றைக்கும் வந்தேறி வேரில்தான் நிற்கின்றன!

பார்த்திடம் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. வைன் அவருக்குக் குறியாகவே இருந்துவிடுகிறது, செய்பொருளாக ஆவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு செப்ரெம்பரில் ஷாம்பேன் பகுதிக்குப் பழம் வெட்டப் போனபிறகுதான் மாறினேன்.

அங்கே இயந்திர அறுவடைக்கு அனுமதியில்லை. குலையாகக் கையால்தான் வெட்ட வேண்டும். காரணம் எளியது. ஷாம்பேனுக்குப் போகும் பழத்தில் பெரும்பகுதி கறுப்புத் திராட்சை. ஊரில் முந்திரிகைப்பழம் என்போமே, அதே கறுப்பு. சாறு வெள்ளை, சாயம் தோலில். பழம் நசிந்தால் சாயம் இறங்கிவிடும். ஆகவே முழுக்குலையாக, மெதுவாகப் பிழிகிறார்கள். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றர் சாறுக்கு மேல் எடுக்க விதி இடந்தராது. முதல் நொதிப்பு முடிந்த வைனைப் போத்தலிலிட்டு, சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுவார்கள். உள்ளே மறுபடி நொதிக்கும். வெளியேற வழியில்லாத வாயு வைனிலேயே கரைந்து கிடக்கும். செத்த ஈஸ்ட்டின் மண்டியோடு மாதக்கணக்கில் கிடப்பதால்தான் அந்த வறுத்த பாண் வாசனை. பிறகு போத்தலைச் சிறிது சிறிதாகச் சுழற்றித் தலைகீழாக்கி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கி வெளியேற்றுவார்கள். இதை அறிந்தபின் என் இன்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் பழம் வெட்டியவனுக்கு நாரிப்பிடிப்பும் ஞாபகம் வரும், வாசனை மட்டும் தனியாக வராது.

2015இல் ஷாம்பேனின் சரிவுகளையும் நிலவறைகளையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. 2023 அறுவடையில் கடும் வெயிலுக்கிடையே தொழிலாளர்கள் சிலர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆபிரிக்கத் தொழிலாளர்கள் 50 பேருக்கு மேல் மனிதர் தங்கத் தகாத இடத்தில் அடைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் அதை ஆட்கடத்தல் என்று தீர்த்து மூவரைத் தண்டித்தது. கைதான் வேண்டும் என்று விதி சொல்கிற இடத்திலேயே கைக்கு இந்தக் கதி.

பிரெஞ்சுக்காரரை மட்டும் திட்டிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. யாழ்ப்பாணத்தில் தனிப்பனைக் கள்ளின் ருசியை மணிக்கணக்காகப் பேசக்கூடிய பெரியவர்களை எனக்குத் தெரியும். எந்த மரம், எந்தக் காணி, காலையில் இறக்கியதா மாலையில் இறக்கியதா என்பதெல்லாம் அவர்களுக்கு நாக்கு நுனியில். அதை இறக்கியவரைப் படலைக்கு வெளியே நிறுத்தி, பிளாவை எட்டப் பிடித்துக் குடித்ததும் அவர்களேதான். எங்களிடமும் 'தெர்வார்' இருந்தது.

ஷாம்பேன் போத்தலின் சிட்டையில் பொடியாக இரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஆர்.எம்.' என்றால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்தவர், 'என்.எம்.' என்றால் பழம் வாங்கிச் செய்கிற வணிக நிறுவனம். வெட்டினவர் யாரென்று சொல்ல எழுத்து எதுவும் கிடையாது. போன நத்தாருக்குக் கடையில் நின்று அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் அந்தச் சரிவின் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். கணவாய் வீட்டில் ஏற்கெனவே வெட்டிக் கழுவி வைத்திருந்தது.