ஒன்றரை மணி நேரக் கடல்

சாமோஸ் தீவிலிருந்து துருக்கியின் குஷதாசிக்குப் போகும் பயணிகள் கப்பலில் ஏறியபோது என் பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று ஃப்ரேயா ஸ்டார்க்கின் 'அயோனியா' (1954). இன்னொன்று 1962-இல் கிரேக்கத்தில் வெளியான தீதோ சோதிரியுவின் நாவல். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஃபேர்வெல் அனதோலியா'. எபேசஸ் முதலான பழைய நகரங்கள் இருக்கும் அந்தக் கரையைப் பற்றி இரண்டு பெண்கள் எழுதியவை. சேர்த்துப் படித்தபோதுதான் ஸ்டார்க்கோடு எனக்கிருந்த நெடுநாள் உறவில் ஒரு விரிசல் விழுந்தது.

தனியாகப் பயணம் போக ஆசைப்படும் பெண்ணுக்கு யாராவது ஒருவர் ஸ்டார்க்கைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். 1952-இல் கணவரைப் பிரிந்தார். அதே ஆண்டு, 59 வயதில், இந்தக் கரையோரமாகக் கிளம்பினார். 55 பழைய இடங்களைப் பார்த்து, வழியில் ஒரே ஒரு சுற்றுலாப் பயணியைத்தான் கண்டதாக எழுதுகிறார். மணமுறிவுக்குப் பிறகு கோயில், பேரப்பிள்ளை என்று ஒடுங்கிவிடச் சொல்லப்பட்ட வயதில் இதைப் படித்தவளுக்கு அது எவ்வளவு பெரிய காற்று என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தனிமையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதே 1952-இல் அவர் போன கடல் பயணம்தான் 'லிசியக் கரை' (1956) என்ற புத்தகம் ஆனது. படகின் பெயர் எல்ஃபின். உடன் வந்தவர் இஸ்மிரில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி டேவிட் பால்ஃபர். ஸ்டார்க் இதை ஒளிக்கவில்லை. ஒளித்தது நாம்தான். 'தன்னந்தனியாக உலகம் சுற்றிய பெண்' என்று அவரைப் பட்டியலிடும்போது அந்தப் படகையும், ஆங்கிலேயப் பெயருக்குத் திறந்த கதவுகளையும் விட்டுவிடுகிறோம். ஏன்? நமக்கு ஒரு வீராங்கனை வேண்டியிருந்தது.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அவருக்கு வழித்துணை ஹெரோடோட்டஸ். பார்வை கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் நிலைத்திருக்கிறது. அவர் அங்கே நடந்தபோது, அந்தக் கரை கிரேக்கர்கள் இல்லாமல் போய் சரியாக 30 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா எரிந்தது. பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயது வரையிலான ஆண்களைத் துருக்கிப் படை பிடித்து வைத்துக்கொள்ள, துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மறுஆண்டு லோசானில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கிரேக்கத்திலிருந்து 4 லட்சத்தை ஒட்டிய முஸ்லிம்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். கிரேக்கத்துக்குப் போனவர்கள் சுமார் 12 லட்சம் பேர்.

கணவனும் அண்ணனும் கரையில் நிற்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரியாத ஊருக்குக் கப்பல் ஏறிய பெண்களை விடத் 'தனியாக' இந்தக் கடலைக் கடந்தவர்கள் யார்? பெண் பயண இலக்கியம் என்று நாம் தொகுக்கும் எந்தத் தொகுப்பிலும் அவர்களுக்கு இடமில்லை. விரும்பிப் போனால்தான் பயணம் என்கிறோம். துரத்தப்பட்டவளின் கடல் வரலாற்றுத் துறைக்குப் போய்விடுகிறது.

சோதிரியு அப்படி வந்தவர். 1909-இல் அய்தினில் பிறந்து, 1922-இல் அகதியாகப் பிரேயஸ் சேர்ந்த சிறுமி. அவருடைய நாவலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கதை சொல்பவன் மனோலிஸ் என்ற விவசாயி. கட்டாய உழைப்புப் படை, போர்முனை, தப்பி ஓட்டம் எல்லாம் ஆணின் உடம்பு வழியாக வருகிறது. கடைசியில் அவன் சாமோஸில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கிறான். உண்மையான ஒருவருடைய குறிப்புகளிலிருந்து எழுதியது என்பது தெரியும். இருந்தாலும் கப்பலுக்குள் இருந்த அந்தச் சிறுமி எங்கே? 1959-இல் வந்த முதல் நாவலில் இருக்கிறாள். அதில் பேசுவது அலிகி என்ற பெண். ஆனால் ஊரெல்லாம் பேசப்படுவது மனோலிஸின் கதைதான். அகதியின் துயரம் ஆண்குரலில் சொல்லப்படும்போதுதான் ஒரு தேசத்தின் துயரமாகிறது போலும்.

சாமோஸுக்கும் துருக்கிக்கும் நடுவில் மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. கப்பலில் இருந்த ஐரோப்பியப் பெண்கள் எபேசஸைப் பார்த்துவிட்டு மாலையே திரும்புபவர்கள். இதே நீரை ரப்பர் படகில் எதிர்த்திசையில் கடக்கும் ஆப்கன், சிரியப் பெண்கள் அதற்கு எங்கள் சீட்டைப் போலப் பல மடங்கு பணம் கொடுக்கிறார்கள். பிழைத்துக் கரை சேர்ந்தால் முள்வேலி போட்ட முகாம். 2021-இல் சாமோஸில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள்.

நான் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தேன். ஊரில் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, "கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டார்கள். ஸ்டார்க்கிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்குப் பெருமை சேர்த்த அதே தனிமை என் கோப்பில் சந்தேகமாக உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, தம்பியின் கடிதம் எல்லாம் இணைத்தேன். தம்பியின் கடிதம்! ஐம்பது தாண்டியவளுக்கு.

மனோலிஸின் ஊரான கிர்கிஜாவுக்குப் போனேன். இப்போது அது ஷிரின்ஜே. பழ ஒயினும் கைவேலைத் துணியும் விற்கும் சுற்றுலாக் கிராமம். கடை வைத்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து "யால்னஸ் மே?" என்றார். தனியாகவா என்று அர்த்தம். இந்தத் துருக்கிச் சொற்களை மட்டும் நான் முன்கூட்டியே கற்று வைத்திருந்தேன். ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சாயங்காலம் குஷதாசித் துறைமுகத்தில் காலையில் உடன் வந்த பெண்கள் வரிசையில் நின்று கப்பல் ஏறினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "வரவில்லையா?" என்று கையாட்டினாள். என் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமானது. அதை நான் சாமோஸில் கழித்துவிட்டிருந்தேன்.