சரிவில் உட்காரத் தெரிந்தவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மதுரை வீரன் சீமெந்தால் செய்த வெள்ளைக் குதிரையில் அமர்ந்திருக்கிறார். குதிரையின் வாயில் சிவப்புப் பூசிய கடிவாளம் உண்டு. அதிலிருந்து சாமியின் கைக்கு வரவேண்டிய வார் மட்டும் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. உள்ளே வைத்த கம்பி இரண்டு விரற்கடைக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். திருவிழாவுக்குத் திருவிழா பெயின்ற் அடிக்க வருபவர்கள் அந்தக் கம்பிக்கும் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போவார்கள். சிறுவனாக இருந்தபோது பூசாரி மாமாவிடம், "வார் இல்லாம சாமி விழுந்துறாதா மாமா?" என்று கேட்டேன். "சாமி காலாலயே இறுக்கிப் புடிச்சிருக்குடா" என்றார். குதிரையேற்ற மரபுகளைப் பற்றி எழுதக் கேட்டதும் அந்தப் பதில்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. அதில் பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடமும் ஒரு விழுகையும் தேவைப்பட்டன.

எங்கள் ஊவா மாகாணத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று இளையவர்கள் கேட்கலாம். ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. அதுவரை மலை பார்க்கவும், தோட்டத்துக்குத் தோட்டம் போகவும், கிளப்புக்குப் போய்த் திரும்பவும் வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பெரும்பாலும் குதிரைதான். பதுளை சென். மார்க் தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸின் நினைவாக எழுந்தது. யானை வேட்டைக்காரர் என்றே பேர் வாங்கிய மனிதர். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1845 ஜூன் 7 அன்று அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் காலத்து மலைவழிகள் ஒரு குதிரையும் கூட நடக்கும் ஓர் ஆளும் போகும் அகலத்துக்குத்தான் இருந்தன. மடுல்சீமைப் பக்கமும் பூனாகலைப் பக்கமும் இன்றைக்கும் சில குறுக்குப் பாதைகளில் நடந்தால் வளைவுகள் எதற்காக அப்படி நீண்டு மெதுவாகத் திரும்புகின்றன என்பது புரியும். நாலு கால் பிராணி மூச்சு வாங்காமல் ஏறுவதற்கான கணக்கு அது.

துரை ஏறிப் போவார். குதிரையைத் தேய்த்து, புல்லறுத்துப் போட்டு, லாடம் கழன்றதா என்று குளம்பைத் தூக்கிப் பார்த்து, இருட்டினால் லாந்தரோடு எதிரே போய் நின்றவன் குதிரைக்காரன். அவன் நம்மவன். பீலிக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகும்போது அவன் கையில் ஒரு தலைக்கயிறு மட்டும்தான் இருந்திருக்கும். வாயில் இரும்பு மாட்டவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. இந்த மரபுக்குப் புத்தகம் இல்லை. குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்று பேர், நாங்கள் பிறந்த காம்பராக்களின் வரிசைக்கு லயம் என்று பேர். ஒரு கால்தான் வித்தியாசம். லாயத்தில் காற்றோட்டம் கூடுதல் என்பாள் என் பாட்டி.

துரைமார் கொண்டுவந்த குதிரையேற்றப் பள்ளி எது? பெரும்பாலும் ஆங்கில நாட்டுப்புறத்து வேட்டை இருக்கை. அங்கவடியை நீளமாக விட்டு, காலை முன்னால் நீட்டி, இறக்கம் வந்தால் பின்னால் சாய்ந்து வாரை இழுத்துப் பிடிப்பது. 1892இல் தோட்டத் துரைமாரை வைத்துத் தொடங்கிய இலங்கைக் குதிரைக் காலாட்படையும், 1875இல் வந்த நுவரெலியாப் பந்தயத் திடலும் அந்தக் கைகளையே நம்பின. பதுளை நகரிலும் ஒரு ரேஸ் திடல் இருந்தது. பந்தயத்தை இங்கே விட்டுவிடுகிறேன். அது வேகத்தின் கதை, என் கதை சரிவைப் பற்றியது.

என் விழுகையும் ஒரு சரிவில்தான் நடந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு, மலைநாட்டில் வாடகைக்கு மட்டக்குதிரை விடும் ஓர் இடத்தில் சவாரி பழகினேன். மூன்றாம் நாள் ஒரு புல்லிறக்கத்தில் பயம் வந்தது. பயம் வந்தால் கை என்ன செய்யும்? இழுக்கும். குதிரை தலையைத் தூக்கியது, முதுகு பள்ளமாகியது, பின்கால் வழுக்கியது. நான் புல்லில் கிடந்தேன். குதிரையின் சொந்தக்காரரான கிழவர் ஓடிவந்து முதலில் குதிரையின் வாயைத்தான் திறந்து பார்த்தார். பிறகு என்னிடம், "வார விட்ருங்க தம்பி. அதுக்குத் தலதான் ஊன்றுகோல். நீங்க கோலப் புடிச்சுக்கிட்டா அது எப்புடி நடக்கும்?" என்றார். எந்தப் பள்ளியிலும் படிக்காத அந்த மனிதர் சொன்னதைத்தான் பிறகு வாசித்த புத்தகங்களும் சொல்லின.

குதிரை சும்மா நிற்கும்போதே உடல் எடையில் சுமார் அறுபது வீதம் முன்கால்கள் மீது இருக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் முன்னே போகும். அதைச் சமாளிக்கக் குதிரைக்குப் பெரிதும் உதவுவது கழுத்தும் தலையும். கழைக்கூத்தாடி கையில் வைத்திருக்கும் மூங்கிலைப் போல அவற்றை ஏற்றி இறக்கித் தன்னை நிறுத்துகிறது. வாயைப் பூட்டினால் மூங்கிலைப் பறித்ததாகிவிடும். ஏறியிருப்பவர் செய்யவேண்டியது வேறு. மலைச்சரிவில் நிற்கும் மரத்தைப் பாருங்கள். சரிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மரம் வானத்துக்கு நேராகத்தான் நிற்கிறது. காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே தூக்குநூலில் வர, முழங்காலும் கணுக்காலும் தளர்ந்து, உட்காரும் எலும்புகள் இரண்டிலும் எடை சமமாக இறங்க வேண்டும். கொழுந்து மலையில் மட்டக்கம்பு வைத்துப் பார்ப்பதுபோல ஒருவர் இடுப்பின் குறுக்கே ஒரு கம்பை வைத்துப் பார்த்தால், பலருக்கு ஒரு பக்கம் இறங்கியிருக்கும். குதிரை ஒரு பக்கமாகவே திரும்புகிறது என்று குறை சொல்பவர் முதலில் அந்தக் கம்பைப் பார்க்க வேண்டும்.

உடலறிவை எங்கே கற்பது என்று கேட்டால், நான் நிரை பிடித்து நிற்கும் பெண்களைக் காட்டுவேன். முதுகில் கூடை, தலையில் அதன் கயிறு, இடுப்பில் படங்கு, காலடியில் ஈர மண். அவர்கள் பார்வையை ஒரு கொழுந்தில் குத்தி வைப்பதில்லை. செடி முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்கிறார்கள். முழங்கால் ஒருபோதும் விறைப்பதில்லை. கூடை நிறைய நிறைய எடை நகரும், உடம்பும் சொல்லாமல் நகரும். (அந்த உழைப்புக்கு என்ன கூலி என்பது வேறு கட்டுரை.)

மேற்கில் இதையெல்லாம் எழுதி வைத்த முன்னவர்களில் ஒருவர் கிரேக்கர் செனபோன், கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டு. வற்புறுத்திச் செய்விப்பதில் அழகு இருக்காது, ஆடுபவரைச் சவுக்கால் அடித்து ஆடவைப்பது போலத்தான் என்பது அவர் கருத்து. அந்த வழியில் வந்த பெரிய பள்ளி வியன்னாவின் ஸ்பானியக் குதிரைப் பள்ளி. 16ஆம் நூற்றாண்டிலிருந்து பேச்சில் இருக்கிறது. இன்றைய வெள்ளை மண்டபம் 1735இல் முடிந்தது. பிரெஞ்சுக்காரர் லா கெரினியேர் 1733இல் வெளியிட்ட நூலை இன்னும் தங்கள் வேதமாக வைத்திருக்கிறார்கள். அங்கே சேரும் இளைஞனுக்கு முதல் நாளே வாரைக் கொடுத்துவிடுவதில்லை. ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட, மாணவன் அங்கவடியும் வாரும் இல்லாமல் மாதக் கணக்கில் உட்கார்ந்தே பழக வேண்டும். பிடிக்க ஒன்றும் இல்லாத கை தானாக அமைதியாகும். 2015இல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சு மரபு 2011இலேயே சேர்ந்துவிட்டது.

ஜெர்மானியர்கள் வழக்கம்போல ஏணி வைத்தார்கள். தாளம், தளர்வு, தொடர்பு, உந்துதல், நேர்மை, ஒடுக்கம் என்று ஆறு படி. வாயும் கையும் பேசிக்கொள்ளும் தொடர்பு இதில் மூன்றாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நடையில் தாளமும் உடம்பில் தளர்வும் வருமுன் வாரை இழுத்துத் தலையைக் குனியவைப்பவர், வாயில் இரும்பு மாட்டும் அந்தப் பள்ளியின் சட்டப்படியும் குற்றவாளிதான்.

எனக்குப் பிடித்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி. அவருக்கு முன்னால் பெரும்பாலானோர் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து வாயைப் பிடித்தார்கள். குதிரையை அதன் இஷ்டத்துக்குக் கழுத்தை நீட்டவிட்டு, ஏறியிருப்பவர் அதன் எடையோடு முன்னே போகவேண்டும் என்றார் இவர். இத்தாலியப் படையினர் சுவர்போன்ற மண்சரிவுகளில் குதிரையோடு இறங்கிப் பழகினார்கள். அந்தப் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நம் தொங்கல்கள்தான் ஞாபகம் வருகின்றன. பாவம், மனிதர் 1907இல் இறந்தது சரிவிலும் அல்ல, பாய்ச்சலிலும் அல்ல. சும்மா நடந்துகொண்டிருந்த குதிரையிலிருந்து விழுந்து.

நமக்கென்று மரபு இல்லையா? குதிரையின் ஐங்கதியைப் பேசியவர்கள் நாம். மயில் நடை ஒன்று, குரங்கு நடை ஒன்று என்று பேர் வைத்துப் பிரித்தவர்கள். சித்தர் மொழியில் வாசி என்றால் குதிரை, வாசி என்றால் மூச்சு. திருமூலரும் மூச்சைப் புரவியாகவே பேசுகிறார். இதை வெறும் உருவகம் என்று நினைத்திருந்தேன், ஏறிப் பார்க்கும் வரை. மூச்சை அடக்கினால் தொடை இறுகும், தொடை இறுகினால் குதிரை தலையைத் தூக்கும்; நீளமாக ஒரு மூச்சு விட்டால் பல குதிரைகள் வார் அசையாமலே நடையைக் குறைக்கும். அதற்காகப் பெருமையடித்துக்கொள்ளவும் முடியாது. கடல் கடந்து வந்த அரபுக் குதிரைகள் பாண்டிய நாட்டில் பராமரிக்கத் தெரியாமல் வருடந்தோறும் செத்தன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். சமநிலைக்கு நம்மிடம் ஒரு பள்ளி இருந்தது உண்மை. அது பொய்க்கால் குதிரை ஆட்டம். கட்டைக்காலில் நின்று, இடுப்பில் கூட்டைக் கட்டிக்கொண்டு ஆடுபவருக்கு வார் ஓர் அலங்காரம். குதிரை முழுவதும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

அதே இடுப்பைத்தான் அமெரிக்க ஆசிரியை சாலி ஸ்விஃப்ட் 1985இல் வந்த தம் நூலில் மையமாக வைத்தார். 1913இல் பிறந்தவர், முதுகெலும்பு வளைந்த குழந்தையாக வளர்ந்ததால் உடம்பைக் கவனிப்பது அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. மென்மையான பார்வை, மூச்சு, அடுக்கிய கட்டைபோல் உடல், தொப்புளுக்குக் கீழே மையம் என்ற நாலுதான் அவர் பாடம். மேலே வளரும் மரத்தையும் கீழே இறங்கும் வேரையும் ஒன்றாக நினைத்துக்கொள் என்பார். நம்மவர் எழுதியிருந்தால் தேயிலையைச் சொல்லியிருப்பார்: மேலே இடுப்பளவுதான், ஆணிவேரோ ஆழத்தில்.

பூசாரி மாமாவின் பிழை இங்கேதான் இருக்கிறது. காலால் இறுக்கிப் பிடித்தால் நிலைக்க முடியாது. இறுக்கிய தொடை சேணத்திலிருந்து மேலே தள்ளும். துணிக் கவ்வியை வழவழத்த பந்தின் மேல் மாட்டிப் பாருங்கள், தெரியும். கால் தொங்க வேண்டும். சாமி விழாமல் இருப்பது எடை நடுவில் இறங்கியிருப்பதால்.

இனி வாய் இரும்பில்லாத கடிவாளம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத இடைவெளி உண்டு. இரும்பு அமர்வது அங்கே. இரும்புக்குக் கீழே நாக்கு, அதற்கும் கீழே மெல்லிய சவ்வு மூடிய கூரான எலும்பு விளிம்பு. ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் றொபர்ட் குக் இந்த இரும்பின் கேடுகளைப் பற்றி நிறைய எழுதி, தாடைக்குக் கீழே குறுக்காகப் போகும் பட்டைக் கடிவாளம் ஒன்றையும் உருவாக்கினார். தாமே அதை விற்பனைக்கும் கொண்டுவந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். இரும்பில்லாமல் ஏறுவதொன்றும் நேற்று வந்த புதுமை அல்ல. ரோமரோடு மோதிய நுமிடியக் குதிரைவீரர்கள் கழுத்துக் கயிற்றோடு போர் செய்தார்கள். கலிபோர்னிய மாட்டுக்காரர்கள் இளங்குதிரையைத் தோல் மூக்குவளையத்தில்தான் பழக்கினார்கள்.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே மாட்டின் மூக்கணாங்கயிறுதானே என்பார்கள். மூக்கைத் துளைப்பது வேறு. இது மூக்கெலும்பின் மேல் அமரும் பட்டை. ஆனாலும் இரும்பில்லை என்பதற்காக இது மென்மையானது என்று நம்பிவிடக் கூடாது. மூக்கெலும்பு கீழே போகப் போக மெலிந்து, நுனியில் தகடுபோல் ஆகிவிடும். குதிரைக்கு வாயால் மூச்சுவிடத் தெரியாது. பட்டையைத் தாழ்த்தி மாட்டினால் காற்றுவழியை நெரிக்கிறோம். கன்ன எலும்பு மேடு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, எலும்பு கெட்டியாக இருக்கும் இடத்தில், உள்ளே இரண்டு விரல் நுழையும் தளர்வோடு மாட்ட வேண்டும். இருபக்கமும் நீளமான நெம்புகோல் வைத்த வகை சிறு இழுப்பைப் பெருக்கி மூக்கையும் தாடையையும் ஒருசேர அழுத்தும். கரடுமுரடான கையில் அது இரும்பைவிடக் கொடியது. பழகுபவருக்குப் பக்கவாட்டில் இழுக்கும் எளிய வகையே போதும்.

உலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதியோ இரண்டும் கெட்டான். தடைதாண்டலிலும் நெடுந்தூர ஓட்டத்திலும் இரும்பில்லாமல் வரலாம். குதிரை நடன அழகைப் பார்க்கும் டிரசாஜில் வாயில் இரும்பு இருந்தே ஆகவேண்டும். மென்மைக்கு மதிப்பெண் போடும் போட்டியில் இரும்பில்லாத கருவிக்கு இடமில்லை என்பது எனக்கு விளங்காத சங்கதி.

தரம் பார்க்க நான் எப்போதும் குதிரையைத்தான் பார்க்கிறேன், கருவியை அல்ல. காது எங்கே திரும்பியிருக்கிறது, வாலைச் சுழற்றுகிறதா, இறக்கத்தில் கழுத்தை நீட்ட முடிகிறதா, சேணம் கழற்றியதும் முதுகில் வியர்வை இரண்டு பக்கமும் ஒரேமாதிரி படிந்திருக்கிறதா. ஏறுபவரின் எடை சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டலாகாது என்பது பரவலாக ஏற்ற கணக்கு; முந்நூறு கிலோ மட்டக்குதிரைக்கு அறுபது கிலோ. நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையில், ஏப்ரல் கூட்டத்தைச் சுமக்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கிழவரிடம் மறுபடி போனபோது அவர் எனக்குச் சேணமே தரவில்லை. சாக்கை நாலாக மடித்துக் குதிரை மேல் போட்டார், தலைக்கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார், என் கை இரண்டையும் தொடை மேல் வைக்கச் சொன்னார். பதினொரு நாள் அப்படியே ஏற்றமும் இறக்கமுமாகக் கூட்டிப்போனார். பன்னிரண்டாம் நாள் கயிற்றின் நுனியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். இறக்கம் வந்தது. நான் மூச்சை விட்டேன். குதிரை கழுத்தை நீட்டி, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து இறங்கியது. கயிறு தொய்ந்தே இருந்தது.