சீதன வீடும் சீர் கிரைண்டரும்

"குறை நினைக்காதேங்கோ அக்கா. உங்கட ஆக்கள் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும்தானே வோட்டுப் போடுறவை?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் வீட்டுச் சம்பந்தியம்மா இதைக் கேட்டது சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில். மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்துதான் சினம் தணிந்தாள் என்பது எங்கள் நம்பிக்கை. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலைத் தவறவிடாத அவர், அதைக் கேட்டுத்தான் எங்கள் அம்மனைப் பார்க்க ஆசைப்பட்டார். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் கோயில், நல்ல கூட்டம். மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கமே மிக்ஸி கொடுத்த ஊரில் உலக்கை எதற்கு என்று தொடங்கிய பேச்சு, எங்கள் வாக்குச்சீட்டில் வந்து நின்றது.

இந்தப் பேச்சை டெல்லித் தொலைக்காட்சிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு எங்கள் சமையலும் தெரியாது, வீடும் தெரியாது. ஒரே மொழி பேசி, ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறவர் சொல்லும்போதுதான் மனது தாங்கவில்லை. அவருக்கு அன்று சரியாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெண்ணின் அடுப்படிக்குள் எந்தப் பொருள் வருகிறது, யார் கொடுத்து வருகிறது, அது யாருக்குச் சொந்தம்? இந்த மூன்றையும் பார்த்தால்தான் இரண்டு கரைக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் பெண்ணுக்குச் சீர் தாய்வீட்டிலிருந்து போகும். பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர், பித்தளை அண்டா, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள். தாய்மாமன் சீர் தனி. இவையெல்லாம் வசதி உள்ள வீட்டுக் கதை. மக்காச்சோளக் காட்டுக்கும் சின்ன வெங்காயம் அறுக்கவும் கூலிக்குப் போன வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான் சீர். இட்லி என்றால் தீபாவளி, பொங்கல். மற்ற நாளில் சோளச்சோறு, கம்மங்கூழ். பொழுதெல்லாம் குனிந்து நின்று களையெடுத்துவிட்டு வந்தவள், இரவில் ஆட்டுக்கல் முன்னே உட்கார்ந்து உளுந்தைத் தனியாக, அரிசியைத் தனியாக ஆட்டியாக வேண்டும். அதற்கு எந்தக் கைக்கும் தெம்பு இருக்காது.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டியது 1950களில். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. ஆனால் அது கூலிக்காரி வீட்டுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2006 தேர்தலில் கலைஞர் வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னார், தந்தார். 2011இல் ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் சொல்லி, அந்த ஆண்டு செப்டம்பர் 15இல் திட்டத்தைத் தொடங்கினார். இலவசம் கூடாது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 2012இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததும் உண்மை. வந்த கிரைண்டர் கரண்டுக்காகக் காத்துக் கிடந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் இட்லி, பண்டிகைப் பலகாரம் என்ற நிலை மாறி வாரச் சாப்பாடானது அதற்குப் பிறகுதான். ஒரு கூலிக்காரப் பெண்ணின் மாலை நேரத்தை மீட்டுக் கொடுத்த பொருளை லஞ்சம் என்று சொல்ல என் நாக்கு வராது.

சம்பந்தியம்மாவுக்கு இந்தப் பாரம் ஏன் பிடிபடவில்லை என்பது அவர் சமையலைப் பார்த்தபோது தெரிந்தது. அவர்கள் சாப்பாடு மாவில் நிற்கிறது. அரிசி மா மில்லிலேயே திரித்து வந்துவிடும். அதை வறுத்து, அரித்து, குழைத்து, இடியப்ப உரலில் பிழிகிறார்கள். புட்டை நீத்துப்பெட்டியில் அவிக்கிறார்கள். கோதுமை மாவைக்கூட ஆவியில் அவித்து அரித்துத்தான் புட்டுக்கு எடுக்கிறார்கள். தேங்காய்க்குத் திருவலை. சம்பலை உரலில் இடித்தால்தான் அது சம்பல், மிக்ஸியில் அடித்தால் சட்னி என்பது அவர் கட்சி. ஈரமாவு அரைக்கும் வேலை அங்கே தோசை சுடும் நாளில்தான். ஆக, எங்கள் முதுகை ஒடித்த வேலை அவர்கள் முதுகில் அந்த அளவுக்கு ஏறவில்லை. திருவலையில் சம்பந்தி ஐயாவே உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்ததைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம். சம்பந்தியம்மா கையால் அவித்த புட்டும் மணமாகவே இருந்தது. இருந்தாலும் காலையில் ஆவி பறக்கும் இட்லிக்கும் சின்ன வெங்காயச் சாம்பாருக்கும் ஈடாக எதையும் வைக்க எனக்கு மனம் வராது.

சாமானுக்கு வாக்கு என்ற பழிக்கும் ஒரு பதில் உண்டு. இலங்கையின் அரசியலே பல காலம் கொத்துக் கணக்கில் அளந்த அரிசியைச் சுற்றி நடந்தது. 1953இல் கொத்து 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டரிசியை 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவி விலகினார். 1970 தேர்தலில் சிறிமாவோ அணி இரண்டு கொத்து அரிசி தருவதாகச் சொல்லி வென்றது. பிறகு ஜனசவிய, சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று அரசு உதவித் திட்டங்கள் வந்தன. பசித்தவர் அரிசி கேட்டு வாக்களித்தது எங்கே குற்றமாகும்? அங்கே அரிசி உரிமை என்றால் இங்கே அதை அரைக்கும் கல்லும் உரிமைதான். எங்கள் பெண்கள் மிக்ஸி வாங்கிக்கொண்டு வாயடைத்துப் போய்விடவும் இல்லை. டிவி கொடுத்த ஆட்சியை 2011இலும் கிரைண்டர் கொடுத்த கட்சியை 2021இலும் வீட்டுக்கு அனுப்பியது இதே வாக்குதான்.

இனி, அவர்கள் தலை நிமிரும் இடத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் மகளுக்குக் கொடுப்பது வீடும் வளவும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். ஒல்லாந்தர் 1707இல் எழுதித் தொகுத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டம், சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று பிரித்து வைத்திருக்கிறது. சீதனம் பெண்ணுடைய சொத்து. எங்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், அவர்களுக்குக் காணி உறுதியிலேயே பெயர் இருக்கும். இதைக் கேட்டபோது நான் சிறிது நேரம் பேசவில்லை. அதன் பிறகுதான் அதே தேசவழமையில் மனைவி தன் நிலத்தை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதையும் அறிந்தேன். வீட்டுக்கு மேல் மாப்பிள்ளை வீட்டாருக்கு 'டொனேசன்' என்று ரொக்கம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த வீட்டைக் கட்டித் தங்கச்சியைக் கரையேற்றவே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய் உழைத்துத் தலை நரைத்த அண்ணன்மார் பலர்.

எங்கள் பக்கமும் குறையில்லாமல் இல்லை. சீர் என்பது வரதட்சணையாகி, ஸ்டவ் வெடித்துச் செத்த மருமகள்களின் செய்தியைப் படித்தே வளர்ந்தோம். 1961இலேயே சட்டம் வந்தும் பீரோவின் கனம் குறையவில்லை. ஆனால் பெண்ணுக்குச் சொத்து வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989இல் கலைஞர் அரசு குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா முழுவதற்கும் அது வர 2005 ஆனது. அங்கே பெண்ணுக்குச் சொத்து கல்யாணத்தை ஒட்டி வருகிறது. எங்கள் சட்டத்தில் கல்யாணம் செய்யாதவளுக்கும் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தில் பணம் போனதும் தகுதி பெற்ற குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு. இதை நான் பெருமையோடுதான் சொல்வேன்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு வாதாட எதுவும் இல்லை. 1990களில் போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை, பேட்டரிக்கே தடை. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2022இல் எரிவாயு கிடைக்காமலும், ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமலும் மறுபடி விறகுக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின. அரசாங்கம் தந்ததையும் பறிக்கும் என்று பார்த்து வாழ்ந்தவர்களுக்கு, அரசாங்கம் கொடுக்கும் கிரைண்டர் மேல் சந்தேகம் வருவது இயல்பே. அதை நான் புரிந்துகொள்கிறேன். எங்களுக்கு வாய்த்த அரசாங்கம் கேட்டால் கொடுக்கும், கொடுக்காவிட்டால் மாற்றலாம். அது எங்கள் பேறு, அதற்காக நாங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆகவே சம்பந்தியம்மா, எங்கள் பெண்களின் வாக்கை மிக்ஸி வைத்து நிறுக்க வேண்டாம். நீங்கள் கண்ணகியம்மனுக்குப் பொங்குகிறவர்கள், ஒரு பெண்ணின் நியாயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கிரைண்டரை அரசாங்கமே கொடுத்தாயிற்று. அடுத்த கல்யாணத்தில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் கொட்டும் பணத்தில், இரண்டு சென்ட் மனையாவது மகள் பெயரில் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள்.