முதல் புத்தகத்துக்கு அடுத்த புத்தகம்

கடத்தூரில் டேட்டாபேஸ் படிக்க நினைக்கும் பிள்ளையின் கைக்கு முதலில் வருவது பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல்தான். ஊர்க் கடைகளில் கைடும் நோட்டும் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் தகடூர் புத்தகப் பேரவை தருமபுரியில் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

2019இல் வந்த அந்தப் பாடநூலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பைத்தானில் தொடங்கி, டேட்டாபேஸ் அடிப்படைகள், எஸ்கியூஎல் என்று போய், பிறகு பைத்தானிலிருந்தே எஸ்கியூலைட்டைக் கையாளக் கற்றுத் தருகிறது. நல்ல வரிசை. (நடுவே பைத்தானுக்குள் சி பிளஸ் பிளஸ் நிரலைக் கொண்டுவரும் பாடம் ஒன்று எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.) இதற்கு முன்பிருந்த நூலில் டேட்டாபேஸ் என்றால் ஸ்டார் ஆபீசில் ஓர் அத்தியாயம். அந்த மென்பொருளின் கதை 2011இலேயே முடிந்துவிட்டது. 2019 மார்ச்சில் தேர்வு எழுதிய பிள்ளைகள்வரை அதைத்தான் படித்தார்கள்.

பாடநூலுக்கு வெளியே தமிழில் முதலில் சொல்ல வேண்டியது 'கணியம்' இதழை. த. சீனிவாசன் ஆசிரியராக இருந்து 2012 ஜனவரியில் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் இதழில் து. நித்யா எழுதிய தொடர்தான் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' என்ற மின்னூலானது. காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். எந்த வரியைத் தட்டினால் திரையில் என்ன வரும் என்று காட்டிச் செல்லும் எழுத்து. பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்பதால் தயக்கம் விலகுகிறது. லினக்ஸ், எச்டிஎம்எல், செலினியம் என்று அவரே எழுதிய மற்ற நூல்களுக்கும் இதே குணம் உண்டு.

ஆனால் கட்டளை தெரிந்ததும் டேபிள் போடத் தெரிந்துவிடுவதில்லை. கடத்தூர் வெற்றிலைச் சந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு வியாபாரி பல கொடிக்கால்காரர்களிடம் வாங்குகிறார். ஒரு கொடிக்கால்காரர் பல வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார். பாதிப் பணம் இன்று, பாக்கி அடுத்த சந்தையில். இதை எத்தனை டேபிளாகப் பிரிப்பது? வியாபாரியின் போன் நம்பர் மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்? எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தபின் இந்தக் கணக்குக்குத் துணிந்து டேபிள் போட முடிகிறதோ, அதுவே வாங்கத் தகுந்தது. எத்தனை கட்டளை உள்ளது என்று அட்டையில் போடுவதை நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இந்தக் கேள்விக்கு விடை தரும் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஐபிஎம்மில் இருந்த காட் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் வேர்விட்ட துறை இது. அதை விரித்து டேட் எழுதிய பாடநூல் 1975 முதல் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. இப்போது கல்லூரிகளில் பரவலாக இருப்பது சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரின் நூல். இவர்களில் சுதர்சன் ஐஐடி மெட்ராசில் படித்தவர். இதற்கு நிகராகச் சொல்லப்படும் இன்னொரு பாடநூலின் ஆசிரியர் ரகு ராமகிருஷ்ணனும் அங்கே படித்தவர்தான். உலகத்துக்கு டேட்டாபேஸ் பாடம் எழுதிய இருவர் சென்னையில் படித்திருக்க, அந்தப் பாடம் தமிழில் முழு நூலாக என் கண்ணில் படவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது சிவிலும் மெக்கானிக்கலும். கம்ப்யூட்டர் பிரிவு அப்போது அந்தப் பட்டியலில் இல்லை. வகுப்பு இல்லாத இடத்தில் பாடநூலுக்குத் தேவை எங்கிருந்து வந்திருக்கும்?

பழைய புத்தகக் கடையில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கருத்தைச் சொல்லும் நூலானால் தாராளமாக வாங்கலாம், இருபது வருடம் பழசானாலும் டேட் கெடமாட்டார். கருவியைச் சொல்லும் நூலானால் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள். 2015இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.7 குரூப் பை விதியை இறுக்கியது. அதற்கு முந்தைய நூல்களின் உதாரணங்களில் சில இன்று பிழை காட்டும். தவறு தன்னுடையது என்று படிப்பவர் குழம்புவார்.

தமிழ் எழுத்தைச் சேமிப்பவருக்கு இதில் தனிக் கண்ணி ஒன்று உண்டு. பழைய நூல்கள் 'யுடிஎஃப்8' என்று போடச் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயரில் இருந்தது எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடும். ஆனால் முந்திரி, காணி, உழக்கு, குறுணி போன்ற பழைய பின்ன, அளவைக் குறியீடுகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட் இடத்தில் அமர்ந்தன. பழைய நிலக்கணக்கை ஏற்ற முயன்றால் பிழை வரும், அல்லது வரி அந்த இடத்திலேயே வெட்டுப்படும். 'யுடிஎஃப்8எம்பி4' என்று போட்டால் சரியாகும்.

மற்ற கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் படிக்க 'புரோ கிட்' நூலின் 2014 பதிப்பு இலவசம். லினக்ஸ் கட்டளைகளுக்கு ஷாட்ஸ் எழுதிய நூலும் அப்படியே. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு அதன் கையேட்டைவிட நல்ல புத்தகம் அரிது. இவற்றுக்குக் காசு செலவழிக்காமல், மிச்சப்பட்டதைக் கருத்து நூலில் போடலாம்.

தமிழில் இனி வர வேண்டியது இன்னொரு முதல் புத்தகம் அல்ல. இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே வியாபாரியின் பாக்கியைத் திருத்தினால் எவருடைய எண் நிற்கும், நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய வரவு என்னவாகும், இரண்டு லட்சம் வரிகளில் ஒரு பெயரைத் தேட இண்டெக்ஸ் எப்படி உதவுகிறது என்று விளக்கும் நூல் வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் தினமும் இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களில் தருமபுரி மாவட்டத்துக்காரர்களும் இருப்பார்கள்.